வலித்த காலும் வலிக்காத காலும்

மேட்டாங்காட்டு வேலைக்குப் போகிறவரின் அரைஞாண் கயிற்றில் ஒரு காலத்தில் முள்வாங்கி தொங்கும். ஓர் ஊசி, ஒரு குட்டி இடுக்கி, சிலதில் கூடவே காது குடைய ஒரு சின்னக் கரண்டி, எல்லாம் ஒரே வளையத்தில் கோத்திருக்கும். சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் அது இல்லாமல் யாரும் நடமாடியதில்லை. நெருஞ்சி, வேலமுள், இலந்தைமுள், பிற்பாடு வந்து சேர்ந்த சீமைக்கருவேல முள் என்று காலடியில் காத்திருந்தவை ஒன்றிரண்டல்ல. வேலைக்கு நடுவில் வரப்பில் உட்கார்ந்து, ஒருவர் காலை இன்னொருவர் மடியில் தூக்கி வைத்து முள் எடுப்பது பீடி பற்றவைப்பது மாதிரி சாதாரணக் காரியம். ஆழமாக இறங்கி வர மறுக்கும் முள்ளுக்கு எருக்கம்பால் வைப்பார்கள். இரண்டு நாளில் அந்த இடம் பழுத்து முள் தலைகாட்டும். சிலருக்கு முள் வராது, ரணஜன்னி வரும். தடுப்பூசி பரவாத காலத்தில் ஒரு துருப்பிடித்த ஆணியோ தொழுவத்து முள்ளோ ஆளையே கொண்டுபோயிருக்கிறது. பழசையெல்லாம் பொற்காலம் என்று பாடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செருப்பு எல்லோருக்கும் கிடைத்ததில்லை. கிடைத்தவர்களும் எல்லா இடத்திலும் போட முடிந்ததில்லை. செத்த மாட்டின் தோலை உரித்துப் பதனிட்டு, வார் அறுத்து, பண்ணையக்காரர் காலுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அதே ஆள் அதே ஊர்த்தெருவில் நடக்கும்போது தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் அருகே ராஜாவூரில் பட்டியல் சாதியினர் சுமார் 60 பேர், காலங்காலமாகத் தங்களுக்குத் தடுக்கப்பட்டிருந்த தெரு ஒன்றில் செருப்பணிந்து ஒன்றாக நடந்து போனது 2023 டிசம்பரில். பாத நோய்களைப் பற்றி எழுதும் மருத்துவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. ஆனால் யார் காலில் முள் அதிகம் ஏறியது, யார் பாதம் வழியாகக் கொக்கிப்புழு அதிகம் நுழைந்தது என்று கேட்டால் பதில் இங்கேதான் இருக்கிறது.

கொக்கிப்புழுவுக்கு வெறுங்கால்தான் வாசல். காடுகரையில் ஒதுங்குகிற இடத்து ஈர மண்ணில் அதன் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழு விரலிடுக்குத் தோலைத் துளைத்து உள்ளே போகும். காலில் இரண்டு நாள் அரிப்பு, அவ்வளவுதான். பிறகு அது குடலில் தங்கி ரத்தம் குடிக்கும். வெளுத்துப் போய், மூச்சு வாங்கி, வேலை செய்ய முடியாமல் போகிற ஆளைச் 'சோம்பேறி' என்று ஊர் சொல்லும். 1920இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்து கொடுப்பதோடு நிற்காமல் கக்கூஸ் கட்டச் சொல்லியும் பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது. இரண்டாவது பாதிக்கு ஊர் செவிசாய்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இன்னொரு புழு காலுக்குள் நுழையாது, காலிலிருந்து வெளியே வரும். நரம்புச் சிலந்தி. படிக்கட்டுக் கிணற்று நீரில் இருக்கும் நுண்ணுயிரோடு சேர்த்து அதன் குஞ்சைக் குடித்துவிட்டால், ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் கணுக்காலிலோ பாதத்திலோ கொப்புளம் எழும். நெருப்பு வைத்த மாதிரி எரியும். எரிச்சல் தாங்காமல் ஆள் போய்த் தண்ணீரில் காலை வைப்பார். புழு காத்திருந்ததும் அதற்குத்தான். கொப்புளம் உடைந்து ஆயிரக்கணக்கான குஞ்சுகள் அந்தக் கிணற்றிலேயே இறங்கும், அடுத்த ஆள் குடிப்பார். வெள்ளை நூல் மாதிரி வெளியே தெரியும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாரக்கணக்கில் இழுப்பார்கள். ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அவசரப்பட்டு அறுந்தால் கால் முழுக்கச் சீழ். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்குச் சான்று கொடுத்தது. தமிழ்நாடு அதற்கு வெகு முன்பே அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறியிருந்தது. பாதத்தின் வரலாற்றில் முழு வெற்றி என்று சொல்லத்தக்கது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இந்தப் புழுவைக் குச்சியில் சுற்றியெடுப்பதைப் பார்த்து வளர்ந்த ஒரு பையனால்தான் இந்தக் கட்டுரையின் மறுபாதி சாத்தியமாகிறது. கொல்லிமலை இப்போது நாமக்கல் மாவட்டம், 1997 வரை சேலம் மாவட்டம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை வருவதற்கு முன் மலையேறக் கால்தான் வாகனம், முடியாதவர்களுக்கு டோலி. அங்கே குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதிக்கு 1914 ஜூலையில் பிறந்தவர் பால் பிராண்ட். ஜெஸ்ஸி முழு மருத்துவர் அல்ல. வெப்பமண்டல நோய்கள் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தவர். பல் பிடுங்குவார், சீழ் கீறுவார், நரம்புச் சிலந்தி இழுப்பார். யாரும் இறங்கிக் கால் நனைக்காதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொல்லி ஊர் ஊராகப் பேசுவார். 1929இல் கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். எவலின் அதன்பிறகும் இந்த மலைகளை விடவில்லை. தொண்ணூறு வயதுக்கு மேலும் குதிரையில் ஊர் ஊராகப் போய், 1974இல் 95 வயதில் இறந்து, கணவரின் பக்கத்தில் அடக்கமானார்.

மகன் ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் காட்டிய நோயாளிகளின் கைகளும் கால்களும் அவரை இழுத்துப் பிடித்துக்கொண்டன. தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் அன்று ஊரும் நம்பியது, மருத்துவமும் நம்பியது. பிராண்ட் வேறு மாதிரிப் பார்த்தார். சதையில் குற்றமில்லை, நரம்பு செத்திருக்கிறது. வலி தெரியாததால் அந்த மனிதர் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார், முள் ஏறிய காலோடு பத்து மைல் நடக்கிறார், புண்ணின் மேலேயே அழுத்தி நிற்கிறார். இரவில் விரல்கள் காணாமல் போனதற்குக் காரணம் தேடியபோது எலி அகப்பட்டது. உறங்கும் நோயாளியின் உணர்வற்ற விரலை எலி கடித்துத் தின்றிருந்தது. வீட்டுக்குப் போகும் நோயாளியோடு ஒரு பூனையையும் அனுப்பிவைக்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

அவருக்கே ஒருமுறை சோதனை வந்தது. இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்து அறைக்கு வந்து காலுறையைக் கழற்றியவர், குதிகாலில் உணர்வே இல்லை என்று கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோய் தொற்றிவிட்டது, இனி குடும்பத்தைவிட்டு விலகியிருக்க வேண்டியதுதான் என்று இரவெல்லாம் விழித்துக்கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது 'ஆ' என்று கத்தும்படி வலித்தது. ரயிலில் கால் மடங்கி உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருந்ததே தவிர வேறொன்றுமில்லை. வலிக்காக ஒருவர் கடவுளுக்கு நன்றி சொன்னார் என்றால் அது அந்தக் காலை நேரத்தில்தான் இருக்கும்.

வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரித் தொழுநோய் மையத்திலும் அவரும் உடனிருந்தவர்களும் செய்தவற்றில் கைக்கான அறுவைச் சிகிச்சைகள் பெயர் பெற்றவை. கால்களுக்குச் செய்தது அதைவிட எளிமையானது, அதைவிடப் பெரியது என்று நான் நினைக்கிறேன். உணர்வற்ற பாதத்தில் வரும் புண்ணுக்கு மருந்து தேவையில்லை, ஓய்வு போதும் என்று காட்டினார்கள். பாதத்தையும் கெண்டைக்காலையும் ஒட்டி மாவுக்கட்டுப் போட்டு, உடம்பின் பாரம் ஒரே புள்ளியில் இறங்காமல் முழுக்காலிலும் பரவும்படி செய்தால் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணும் வாரக்கணக்கில் மூடியது. இந்த மாவுக்கட்டு அவருக்கு முன்பே 1930களில் இலங்கையில் மில்ராய் பாலும் இந்தியாவில் ஜோசப் கானும் தொழுநோய்க் கால்களுக்குப் போட்டுப் பார்த்த முறை. புண் ஆறிய பிறகு மறுபடி வராமலிருக்க ஒரு செருப்பு வேண்டும். அழுத்தினால் அமுங்கி உடனே எழும்பும் மைக்ரோ செல்லுலார் ரப்பர் மெத்தை மேலே, முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி ரப்பர் அடி கீழே. எம்.சி.ஆர். செருப்பு என்று மருத்துவமனைகளில் இன்றும் சொல்லப்படுவது அதுதான். அறுபதுகளில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அங்கே நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைக் கண்டார். காரணம் வேறு, கால் ஒன்றே. செங்கல்பட்டிலும் வேலூரிலும் பார்த்த அதே புண்கள். இன்று உலகமெங்கும் சர்க்கரைப் புண்ணுக்குப் போடும் மாவுக்கட்டின் வழித்தடத்தைப் பின்னோக்கித் தேடிப்போனால் தமிழ்நாட்டுத் தொழுநோயாளிகளின் கால்களைக் கடந்துதான் போக வேண்டும்.

இனி இன்றைய சமவெளிக்கு வருவோம். முள்வாங்கி போய்விட்டது. வாசல்வரை தார், தாரிலிருந்து டைல்ஸ். டயர் செருப்பை ஒதுக்கி ஹவாய் வந்தது, ஹவாயை ஒதுக்கி இன்று பள்ளிப் பிள்ளைகள் காலில் கறுப்பு ஷூ. ஆனால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலோ அறுவைப் பிரிவு வார்டைச் சுற்றிப் பாருங்கள். காலில் கட்டோடு படுத்திருப்பவர்களில் பெரும்பாலோரிடம் 'எப்படி வந்தது?' என்று கேட்டால் ஒரே பதில்தான். "வலிக்கவே இல்லீங்க. வலிச்சிருந்தா முன்னமே வந்திருப்பனுங்க."

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. நாட்டின் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. அரிசிச் சோறும் உட்கார்ந்த வேலையும் அதற்கு எவ்வளவு காரணம் என்ற விவாதம் இருக்கட்டும். பாதத்துக்கு அதனால் என்ன வருகிறது என்பதில் விவாதம் இல்லை. உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவது. சர்க்கரை முதலில் கெடுப்பதும் அதைத்தான். தொடக்கத்தில் இரவில் எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற நினைப்பு. அதன்பிறகு ஒரு நாள் எரிச்சல் நின்றுவிடும். 'சரியாப் போச்சு' என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. சரியாகவில்லை, நரம்பு ஓய்ந்திருக்கிறது. வியர்வைக்கான நரம்பும் சேர்ந்து போவதால் பாதம் வறண்டு வெடிக்கும். பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகள் மெலிந்து விரல்கள் கொக்கி போல மடங்கும். பாரமெல்லாம் விரலடி மேட்டில் இறங்கும், அங்கே தோல் தடித்துக் காய்க்கும். காய்ப்புக்கு அடியில் சத்தமில்லாமல் குழி விழும். இதோடு பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் ரத்தக்குழாய் அடைத்து, ஆற வேண்டிய புண்ணுக்கு ரத்தமே போய்ச் சேராது.

இந்த மண்ணின் தொழில்களை வைத்துப் பார்த்தால் ஆபத்து எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று புரியும். நாமக்கல் லாரி ஓட்டுநர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில் பெடல் மிதிப்பவர். என்ஜின் சூடு தரைத் தகட்டில் ஏறி, உணர்வில்லாத பாதத்தை மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டே இருக்கும். கால் பிரேக்கின் மேல் இருக்கிறதா ஆக்சிலேட்டர் மேல் இருக்கிறதா என்று தெரியாமல் போவது அவருக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும் ஆபத்து. ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் காயும் களத்தில் சித்திரை வெயிலில் ஜவ்வரிசி தள்ளும் பெண்களின் காலடியில் சிமெண்டுத் தரை அடுப்புக்கல். காற்றில் 40 டிகிரி இருக்கும் நாளில் தார்ச்சாலை 60ஐத் தாண்டும். உணர்வுள்ள கால் குதித்து நிழலுக்கு ஓடும். மரத்த கால் நின்று வேகும். கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்தே கொப்பளித்துப் போனவர்கள் ஏராளம். சர்க்கரை நோயாளியின் விரலை எலி கடித்துப்போனது இன்றும் நடக்கிறது. பிராண்ட் பார்த்த அதே எலிதான்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றில் முதலாவதற்குக் காசு தேவையில்லை. தினம் ஒருமுறை இரண்டு பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பார்ப்பது. குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்க்கலாம். செருப்புக்குள் கை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுக் கால் நுழைக்க வேண்டும். செருப்படியில் ஏறிய ஆணியோடு ஒரு வாரம் நடந்தவர்களின் கதையைக் கால் மருத்துவர்கள் சொல்வார்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். தமிழ் வீட்டில் இது கடினமான ஆலோசனை என்று தெரியும். வீட்டுக்கென்றே தனிச் செருப்பு வைத்துக்கொள்வதுதான் வழி. ஹவாய் இவர்களுக்கு ஆகாது. விரலால் கவ்விப் பிடித்தால்தான் ஹவாய் காலில் நிற்கும். மரத்த விரலுக்குக் கவ்வத் தெரியாது, கழன்று விழுந்தாலும் தெரியாது. பின்வார் வைத்த, உள்ளே ஆணி அடிக்காத எம்.சி.ஆர். செருப்புதான் சரி. சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதன் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வும், இத்தகைய செருப்புப் போட்டவர்களுக்குப் புண் திரும்ப வருவது குறைந்ததைக் காட்டியது.

மருத்துவமனையில் ஆண்டுக்கு ஒருமுறையாவது நைலான் இழைச் சோதனை கேட்டுப் பெற வேண்டும். மீன்பிடி நரம்பு மாதிரி ஓர் இழை. அது வளையும்வரை பாதத்தில் அழுத்துவார்கள், அழுத்தம் 10 கிராம். அதை உணராத பாதம் ஆபத்தான பாதம். அந்த 10 கிராம் எல்லையை வகுத்ததும் கார்வில் தொழுநோய் மருத்துவமனைதான். அதோடு பாதத்தின் மேல் நாடித்துடிப்பும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு இப்போது 'பாதம் பாதுகாப்போம்' என்று தனித் திட்டமே வைத்திருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவருபவரிடம் காலையும் ஒருமுறை காட்டிவிடலாம். கேட்காமல் யாரும் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை என்பதே நம் மருத்துவமனைகளின் பெரிய குறை.

புண் வந்துவிட்டால்? தினமும் டிரெஸ்ஸிங் செய்துகொண்டு அதன் மேலேயே நடந்து போகிறவரைப் பார்க்கிறோம். அந்தப் புண் ஆறாது. களிம்பை மாற்றுவதாலும், ஊசியை மாற்றுவதாலும், மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் வைப்பதாலும் ஆறாது. பாரம் இறங்க வேண்டும். காய்ப்பைச் சீவி, சீழிருந்தால் எடுத்து, ரத்த ஓட்டம் போதுமா என்று பார்த்து, மாவுக்கட்டோ கழற்ற முடியாத பூட்ஸோ போட்டுவிட்டால் சிக்கலில்லாத புண் பெரும்பாலும் ஆறேழு வாரத்தில் மூடும். 'அத்தனை நாள் கட்டோடு இருந்தால் தறி யார் ஓட்டுவது?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. கால் போன பிறகு அந்தக் கேள்விக்கும் இடமிருக்காது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நெடுநாள் சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கி, சிவந்து, தொட்டால் சுடுகிறது, ஆனால் வலி அதிகமில்லை. இதைச் சுளுக்கு என்று உருவி விடுகிறார்கள், அல்லது வாதம் என்கிறார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும் சார்கோ நோயாக இருக்கலாம். அன்றே நடப்பதை நிறுத்திக் கட்டுப் போட்டுவிட்டால் பாதத்தின் வடிவம் தப்பும். உருவிக்கொண்டிருந்தால் உள்ளங்கால் வளைவு இடிந்து, தொட்டில் அடி மாதிரிப் பாதம் கவிழ்ந்துவிடும்.

சர்க்கரை இல்லாதவர்களின் கால் இன்னும் வாயுள்ள கால்தான். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடத்தில் கேட்டால் முதலில் சொல்வது குதிகால் வலி. அப்பா காலத்துக் குழித்தறியில் நெசவாளர் உட்கார்ந்திருப்பார். கால் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்தும், மழைக்காலத்தில் குழி ஊறிச் சில்லிட்டுக் கிடக்கும். முதுகும் முழங்காலும் போனது, குதிகால் போகவில்லை. மகன் விசைத்தறிக்கு நடுவே சிமெண்டுத் தரையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு நிற்கிறார். குதி எலும்பிலிருந்து விரலடிவரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த பட்டைச் சவ்வு இழுபட்டு இழுபட்டு நைகிறது. காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முதல் நாலைந்து எட்டு ஊசி குத்தும், நடக்க நடக்கக் குறையும், சாயங்காலம் திரும்பி வரும். எக்ஸ்ரேயில் குதி எலும்பு வளர்ந்திருக்கிறது என்று காட்டிப் பயமுறுத்துவார்கள். வலியே இல்லாத ஏராளமானோருக்கும் அந்த எலும்பு முள் இருக்கிறது, குற்றவாளி பெரும்பாலும் அதுவல்ல. சுவரில் கையூன்றிக் கெண்டைச் சதையை இழுத்து நீட்டும் பயிற்சி தினம் இரண்டு மூன்று வேளை. பெருவிரலைக் கையால் மேலே வளைத்து உள்ளங்காலை நீட்டுவது. உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைக் காலடியில் உருட்டுவது. குதியில் மெத்தையுள்ள செருப்பு, தறியடியில் நின்று வேலை பார்க்கும் இடத்தில் ஒரு ரப்பர் பாய். இவற்றோடு பொறுமையும் இருந்தால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் விட்டுவிடும். ஊசி போடுவது அடுத்த கட்டம், அறுவை அபூர்வம். இதே கூடங்களில்தான் நரம்பு சுருட்டலும் கணுக்காலின் உட்பக்கத்துக் கருமையும் ஆறாப் புண்ணும் அதிகம். அதற்குக் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றும் கட்டும், காலைத் தூக்கி வைத்திருப்பதும்தான் மருந்து. தறி முதலாளிகள் ஷிப்டு நடுவே உட்கார ஒரு ஸ்டூல் போட்டாலே பாதி நோயாளிகள் குறைவார்கள் என்பது என் எண்ணம்.

சுளுக்குக்கு இந்த ஊரில் மருத்துவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. காலால் பிறந்தவர் காலால் நீவிவிட்டால் முதுகுப் பிடிப்பு போகும் என்று இன்றும் தேடிப் போகிறார்கள். கணுக்கால் பிசகினால் எண்ணெய் வைத்து உருவி, உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில் அதற்கு என்ன குறைச்சல்! பத்தினால் கெடுதல் இல்லை, காய்ந்து இறுகினால் அதுவும் ஒரு கட்டுதான். கெடுதல் இரண்டு இடத்தில். புது வீக்கத்தை உருவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். பத்தையை இறுக்கிக் கட்டினால், கட்டுக்குக் கீழே கால் நீலம் பாரித்து, விரலையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். எலும்பு முறிந்ததா, வெறும் பிசகா என்று ஓரளவு தெரிந்துகொள்ள 1992இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் ஒரு விதி வகுத்தார்கள். கணுக்காலின் இரண்டு பக்கத்து எலும்பு மொக்கின் பின்விளிம்பில் விரலால் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா? விழுந்தவுடனும் பிறகும் நாலு எட்டுக்கூட வைக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்று ஆம் என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். பாதத்தின் வெளிப்பக்க நடு மேட்டிலும் உட்பக்க மேட்டிலும் இப்படி வலித்தாலும் அதே தீர்ப்பு. இல்லையென்றால் ஓரிரு நாள் ஐஸ், எலாஸ்டிக் கட்டு, கால் உயரத்தில். அதன்பிறகு மெல்ல மெல்ல அசைத்து நடக்கத் தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் அசையாமல் வைப்பது பழைய பழக்கம். ஒற்றைக்காலில் நின்று பழகினால் மறுபடி மறுபடி பிசகுவது குறையும். பல் துலக்கும் நேரம் அதற்குப் போதும்.

சேற்றுப்புண் இடம் மாறிவிட்டது. காவிரிக்கரை நடவுப் பெண்களின் விரலிடுக்கு வெந்து கிடந்த காலம் போய், இப்போது நாமக்கல் விடுதிப் பள்ளிகளின் ஷூவுக்குள் குடியிருக்கிறது. அதே காளான் வகை நோய்தான். நேற்றைய காலுறையையே இன்றும் போடும் பையனுக்கு வரும். இடுக்கைத் துடைத்துக் காயவிட்டு, காளான் களிம்பை அரிப்பு நின்ற பிறகும் ஓரிரு வாரம் தொடர வேண்டும். மருந்துக்கடையில் 'படைக்கு ஒன்று கொடுங்க' என்று கேட்டால் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் சுகம் காட்டி நோயை வேரூன்றச் செய்யும். பித்தவெடிப்புக்கு மெழுகும் விளக்கெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிப் போட்ட பாட்டி வைத்தியத்தில் தப்பொன்றும் இல்லை. குளித்த ஈரத்தில் வாசலின் தடவுவதும் அதே வேலைதான் செய்யும், தடித்திருந்தால் யூரியா கலந்த களிம்பு. கால் ஆணிக்கான பிளாஸ்திரியில் இருப்பது அமிலம். சர்க்கரை உள்ளவர் அதையும் தொடக் கூடாது, பிளேடையும் தொடக் கூடாது.

தை மாதத்தில் இந்தச் சமவெளியே நடக்கத் தொடங்கும். எடப்பாடி பருவதராஜகுலத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து போய், மலை மேலேயே இரவு தங்கும் உரிமை பெற்றவர்கள். அவர்களைப் போலவே சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு சாலைகளிலும் வெறுங்கால் பக்தர் கூட்டம். முன்பு வண்டித்தடத்துப் புழுதியில் நடந்தார்கள், இன்று நான்குவழிச் சாலைத் தாரில் நடக்கிறார்கள். சர்க்கரை உள்ளவரைப் 'போகாதீர்கள்' என்று சொன்னால் கேட்க மாட்டார். போவதென்றால் ஒரு மாதம் முன்பே இழைச் சோதனை செய்துகொள்ளட்டும். உணர்வு இல்லையென்றால் பின்வார்ச் செருப்போடு போகட்டும், வழியில் காலில் செருப்பிருந்ததற்காக எந்தக் கோயிலும் படியிறக்கிவிடப் போவதில்லை. வெறுங்கால்தான் வேண்டுதல் என்பவர் வெயில் ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் மட்டும் நடக்கட்டும். தங்கும் ஒவ்வோர் இடத்திலும் டார்ச் வெளிச்சத்தில் அடிப்பாதத்தைப் பார்க்கட்டும். கொப்புளத்தைக் கிள்ளாமல் சுத்தத் துணியால் மூடி, அன்றைய நடையை நிறுத்திக்கொள்ள வேண்டும். கறுத்தாலோ நீர் கலங்கலாக வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அடுத்த பேருந்தில் ஏறி மருத்துவமனைக்குப் போய்விடலாம். மிச்சத் தூரத்தை அடுத்த தையில் நடந்துகொள்ளலாம், முருகன் அதற்கு வட்டி போடுவதில்லை.